செவ்வாய்க்கிழமை வடக்கே

தம்பி, இந்த வண்டி நகருமா நகராதா? நீங்க இந்தப் பக்கம் அடிக்கடி போறவர் மாதிரி தெரியுது, அதான் கேக்குறேன். டோல்கேட் லைட்டு கண்ணுக்குத் தெரியுது, நாம அங்க போய்ச் சேர்ற மாதிரி தெரியலை. எட்டு மணிக்குள்ள நான் ஏர்போர்ட் வாசல்ல நிக்கணும். அதுக்குள்ள போகலைன்னா அவ உள்ள போயிருவா. உள்ள போன ஆளை வெளிய கூப்பிட விட மாட்டாங்களாமே, அப்படியா?

யாரா? எங்க வீட்டுக்காரிதான். வேற யாரைத் தேடி நான் இப்படி ஓடப் போறேன்.

இன்னைக்கு என்ன கிழமை சொல்லுங்க. செவ்வாய். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசையில பயணம் ஆகாது. சிவகாசியிலேர்ந்து மெட்ராஸ் எந்தத் திசை? வடக்கு. தெரிஞ்சேதான் ஏறி உக்காந்திருக்கேன். என் ஆயுசுல செவ்வாய், புதன்ல நான் வடக்க போனதே கிடையாது தம்பி. என் மக மதுரை ஆஸ்பத்திரியில ஒரு செவ்வாய்க்கிழமைதான் பொறந்தா. தந்தி வந்துச்சு. நான் வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். பிள்ளை எங்க ஓடிரப் போகுது? பரிகாரம்னு ஒண்ணு இருக்கு, இல்லைங்கலை. செவ்வாய்க்குப் பால். ஒரு வாய் பால் குடிச்சுட்டுக் கிளம்பலாம்னு போட்டிருக்கும். அதெல்லாம் வேற வழியில்லாதவங்களுக்கு. நான் இதுவரைக்கும் தொட்டதில்ல. இன்னைக்குக் காலையில டீக்கடையில நின்னு குடிச்சேன். சீனி போடாம. கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

உங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, எனக்கு அது தொழில். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் உங்க வீட்டுலயும் தொங்கும். அதுல ராகு காலம், எமகண்டம், சூலம்னு பொடி எழுத்துல இருக்குதுல்ல? அதை அச்சுக்கு முன்னாடி பிழை பார்த்து அனுப்புறவன் நான். சௌந்திரபாண்டின்னு சிவகாசியில காலண்டர் ஆபீஸ்ல எங்க கேட்டாலும் சொல்லுவாங்க. ரிட்டையர் ஆகியும் விட மாட்டேங்கிறாங்க, சீசன்ல கூப்பிட்டுருவாங்க.

ஒரு வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை. என் எடத்துல வேற ஒருத்தரை உக்கார வச்சாங்க. அந்த ஆளு வியாழக்கிழமைக்கு தெற்கே சூலம்னு போடாம கிழக்கேன்னு போட்டுட்டாரு. வருஷம் முழுக்க, எல்லா வியாழனுக்கும். எத்தனை ஊரு, எத்தனை வீட்டுச் சுவர்ல தொங்கியிருக்கும். ஒருத்தர்கூட ஏன்னு ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கலை. அம்புட்டு நம்பிக்கை தம்பி, காலண்டர் மேல சனங்களுக்கு! இதை நான் வீட்டுல பெருமையா சொன்னேன். ஜெயக்கொடி, அதான் எங்க வீட்டுக்காரி, அரிசி களைஞ்சுக்கிட்டே கேக்குறா: அந்த வருஷம் வியாழக்கிழமை தெற்க போனவங்க எல்லாம் என்ன ஆனாங்கன்னு. இது ஒரு கேள்வியா? விஷயம் புரியாதவங்ககிட்டப் பேசினா இப்படித்தான்.

நகருதா? இல்ல, முன்னால நிக்கிற லாரிதான் கொஞ்சம் அசைஞ்சுச்சு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? என் மக சுகந்தி. ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்டுங்கிற ஊர்ல இஞ்சினியரா இருக்கா. கல்யாணம் ஆகலை. அஞ்சாறு ஜாதகம் வந்துச்சு, நான்தான் பார்த்துத் தள்ளிவிட்டேன், அது வேற விஷயம். போன தைப் பொங்கலுக்குப் பேசும்போது சொன்னா, அம்மாவும் நீங்களும் வாங்க, ரயில்லயே நாலஞ்சு நாடு சுத்திக் காட்டுறேன்னு. பாரிஸ், சூரிச், வெனிஸ், வியன்னா, திரும்ப அவ ஊரு. அங்க ரயிலு நம்ம டவுன் பஸ் மாதிரியாம். காலையில ஒரு நாட்டுல இட்லி தின்னா மத்தியானம் இன்னொரு நாட்டுல தயிர்சோறு தின்னலாம்னா. எனக்கும் ஆசைதான். இல்லைன்னு யாரு சொன்னா?

திட்டத்தை எழுதி அனுப்பினா. எந்த நாள் எந்த ஊரு, எந்த வண்டி, எல்லாம் சுத்தமா இருந்துச்சு. ஆனா பாருங்க, திசையே பார்க்கலை. ஸ்டுட்கார்ட்லேர்ந்து பாரிஸ் மேற்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புறதுன்னு போட்டிருக்கா. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பாரிஸ்லேர்ந்து சூரிச் கிழக்கு. அதைத் திங்கட்கிழமையில வச்சிருக்கா. சூரிச்லேர்ந்து வெனிஸ் தெற்கு, அது வியாழக்கிழமை. தேடிப் பிடிச்சு வச்ச மாதிரி, ஒண்ணுகூட விடாம. என் மக தம்பி! காலண்டர் ஆபீஸ்காரன் மக!

நான் சத்தம் போடலை. பொறுமையா எடுத்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம்தான் அவளுக்கு லீவாம், ஒரு நாள் தள்ளினா கடைசியில ஒரு நாள் குறையுமாம். குறையட்டும்னேன். ரயில் நேர்கோட்டுல போகாது, வளைஞ்சு வளைஞ்சுதான் போகும், இதுல எது கிழக்கு எது மேற்குன்னு கேட்டா. கிளம்புற திசைதான் கணக்குன்னேன். அதுக்கு அவ, சூரிச் ஸ்டேஷன்ல வண்டி உள்ள வந்த வழியாவே வெளிய போகும், பெறகுதான் திரும்பும்னா. அப்பத்தான் எனக்கு வேற ஒரு கவலை புடிச்சுக்கிச்சு. அப்படின்னா கிளம்புற திசை எது? ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் தண்டவாளம் எந்தப் பக்கம் பார்த்துக் கெடக்குன்னு ஒரு படம் வரைஞ்சு அனுப்பச் சொன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன். அழுதாளோ என்னவோ, மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அங்க குளிருல்ல.

வரைஞ்சு அனுப்பினா. நல்ல பொண்ணுதான். நான் உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். வெள்ளியைச் சனியாக்கினேன், திங்களைச் செவ்வாயாக்கினேன். அவ போட்ட டிக்கெட்டை மாத்தி மாத்திப் போட்டா. எத்தனை தடவைன்னு எனக்கு ஞாபகம் இல்லை, அவளுக்கு இருக்கும். ஒழுங்கா ஒரு திட்டம் வந்து நின்னுச்சு. எந்தத் திசைக்கும் எந்தக் குறையும் இல்லை. ஒண்ணே ஒண்ணைத் தவிர.

அந்த ஒண்ணுதான் இம்புட்டுக்கும் காரணம்.

சுவிஸ்ல மலையில ஒரு ரயில் போகுது தம்பி, சிவப்பு ரயில். உசரமா ஒரு கல்லுப் பாலம், சுத்தி பனி, பாலத்து மேல வளைஞ்சு அந்தச் சிவப்பு ரயில் போகும். நீங்களும் பார்த்திருப்பீங்க. எங்க? காலண்டர்லதான். எங்க ஊர்ல அச்சடிக்கிற மாதக் காலண்டர்ல சாமி படத்துக்கு அடுத்தபடி அந்த மாதிரி சீனரி படம்தான் ஓடும். ஜெயக்கொடி கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ்லதான் வேலை பார்த்தா, காலண்டருக்கு மேல தகரப் பட்டை அடிக்கிற எடத்துல. ஒரு சீசன் முழுக்க அந்தப் படம்தான் அவ கை வழியா போச்சு. நாள் முழுக்க அந்தப் பாலம், அந்த ரயில். தகரம் கையைக் கிழிக்கும், ரத்தம் படத்துல பட்டா கூலியில பிடிப்பாங்க. அதனால படத்தைப் பார்த்துப் பார்த்து அடிக்கணும். கல்யாணமாகி வரும்போது டிரங்குப் பெட்டியில அந்தப் படம் ஒண்ணை மடிக்காம வச்சுக் கொண்டாந்தா. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தா. சேலை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பா. இது நெசமாவே இருக்குற எடமா, இல்ல வரைஞ்சதான்னு என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கா. எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். எனக்கு என்ன தெரியும், நான் எழுத்துப் பார்க்குறவன்.

சுகந்திதான் கண்டுபிடிச்சு, அது இருக்குன்னு சொன்னா. அந்த ரயில்ல அம்மாவை ஏத்துறதுக்காகத்தான் இந்தச் சுத்துப் பயணமேன்னும் சொன்னா. நான் எல்லாத்தையும் சரி பண்ணி முடிச்சப்ப, அந்தச் சிவப்பு ரயில் சனிக்கிழமையில வந்து விழுந்துச்சு. போற திசை கிழக்கு. சனிக்கிழமை கிழக்கே சூலம். மாத்திப் பார்த்தேன், அதை மாத்தினா வெனிஸ் இடிக்குது. வெனிஸை மாத்தினா வியன்னா இடிக்குது. நீங்களே சொல்லுங்க, ஒரு ரயிலுக்காக மொத்தத்தையும் கலைக்க முடியுமா? எடுத்துட்டேன். அன்னைக்கு சூரிச்லயே இருந்து மணிக்கூண்டு பார்க்குறதுன்னு போட்டேன். அம்மாகிட்ட கேட்டீங்களான்னா சுகந்தி. கேட்டேன், சரின்னுட்டான்னேன்.

கேக்கலைதான். கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பா. இத்தனை வருஷத்துல நான் சொல்லி அவ சரிங்காதது கிடையாது. கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?

பெறகு ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசிக்கிட்டிருக்கும்போது சுகந்தி சாதாரணமா கேட்டுட்டா, ஏம்மா, அந்தச் சிவப்பு ரயில் வேண்டாம்னு சொல்லிட்டியாமேன்னு. ஜெயக்கொடி ஃபோனைப் பார்க்கலை, என்னைப் பார்த்தா. எந்திரிச்சுப் போய் அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தா. அடுப்புல ஒண்ணும் இல்லை தம்பி, அது ஏற்கெனவே அணைஞ்சுதான் இருந்துச்சு.

அப்புறம் சுகந்தி என்கிட்டக் கோவமா பேசினா. நானும் பேசினேன். என்னைக் கணக்குல சேர்க்காதே, நான் வரலை, உங்க இஷ்டத்துக்குச் சூலத்துல போய் விழுங்கன்னுட்டேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்? நான் வரலைன்னா பயணமே இல்லைன்னு வழிக்கு வருவாங்கன்னுதான். சுகந்தி சரிப்பான்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா ஜெயக்கொடி நான் இல்லாம எங்க போவா? சாத்தூருக்குத் தனியா பஸ் ஏறத் தெரியாது அவளுக்கு. ஆக, பயணம் ரத்துன்னு நான் விட்டுட்டேன்.

வீட்டுல சண்டை சச்சரவு ஒண்ணும் இல்லை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குக் காப்பி. கொஞ்சம் பேச்சுக் குறைவு, அம்புட்டுத்தான். போன வாரம் வந்து, குரோம்பேட்டையில தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன், பத்து நாள் கூட இருந்துட்டு வாரேன்னா. தாராளமா போய்ட்டு வான்னேன். நானே நாள் பார்த்து, வியாழக்கிழமை வடக்க தோஷமில்லைன்னு, பஸ்ல ஜன்னல் ஓரமா சீட்டுப் போட்டுக் குடுத்தேன். பெட்டியைத் தூக்கிப் பஸ்ல வச்சதும் நான்தான். கண் ஆபரேஷனுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்குன்னு கேட்டேன். தங்கச்சிக்குச் சேலை கொண்டு போறேன்னா.

இன்னைக்குக் காலையில ஃபோன் வருது. ராத்திரி ஃப்ளைட்டு, சுகந்திகிட்டப் போறேங்கிறா. மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, இட்லிப்பொடி நீல மூடி டப்பாவுல இருக்கு, பிரஷர் மாத்திரையை மறந்துறாதீங்கங்கிறா. எனக்குக் காதுல ஒண்ணும் ஏறலை. வச்சுட்டா.

இதுல எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா? ஜெர்மனி இங்கேர்ந்து வடமேற்கு, வடக்குன்னுதான் எடுத்துக்கணும். செவ்வாய்க்கிழமை போடுறா. சரி, அதை விடுங்க. காலண்டர் கணக்குல ஒரு நாள் எப்பத் தொடங்குது? சூரிய உதயத்துல. விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா அது திங்கள் கணக்கு, எந்தத் தோஷமும் இல்லை. அவ ஃபோன் பண்ணினது சூரியன் வந்து கொஞ்ச நேரம் கழிச்சு. கொஞ்சம் முன்னாடி பண்ணியிருந்தா நான் திங்கட்கிழமையிலயே வாசப்படியை விட்டு இறங்கியிருப்பேன்ல? தெனமும் நாலரைக்கு எந்திரிக்கிறவ. இன்னைக்குன்னு பார்த்துத் தூங்கிட்டா போலிருக்கு. கிழமையும் தெரியலை, நேரமும் தெரியலை. இத்தனை வருஷம் என்கூட இருந்தும் ஒண்ணும் கத்துக்கலை பாருங்க.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? சரி சரி, இருமுனீங்களா.

பீரோவைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் வைக்கிற எடத்துல என்னோடது மட்டும் இருக்கு. கதவுக்கு உள்பக்கம் அந்தப் படம் இல்லை. பசை ஒட்டியிருந்த நாலு மூலை மட்டும் தெரியுது. அதைப் பார்த்ததும் பையை எடுத்தேன். அடுத்த வீட்டு வாத்தியார்கிட்டச் சாவியைக் குடுத்தேன். திரும்பி வர நாளைக்கு ரெண்டு டிக்கெட் போடச் சொன்னேன், அவர் ஃபோன்ல போட்டு என் ஃபோனுக்கு அனுப்பிட்டாரு. நாளைக்குப் புதன், தெற்க வரத் தடை இல்லை. கூட்டிட்டு வந்துருவேன். என்னைப் பார்த்தா வந்துருவா. நான் ஒரு வார்த்தை வான்னா வராம இருப்பாளா?

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க, தண்ணி பாட்டிலை எடுத்துக்குறேன். இதா? ஸ்வெட்டர். சுகந்தி அனுப்பினது. ஏசி பஸ்ஸா இருந்தா குளிருமேன்னு எடுத்தேன். ஆமா, இது ஏசி இல்லைதான். அதுவா, அது என் பாஸ்போர்ட். ஏர்போர்ட்ல அடையாளத்துக்கு ஏதாவது கேப்பாங்கள்ல. விசா எனக்கும் இருக்கு தம்பி. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சுகந்தி வாங்குனா. நான் டிக்கெட் வேண்டாம்னதாலதான் அது சும்மா கெடக்கு. உள்ள வைங்க.

ஏர்போர்ட்டுக்கு எதுத்தாப்ல மின்சார ரயில் ஸ்டேஷன் இருக்காமே. தாம்பரத்துல ஏறி அங்க இறங்கினா சீக்கிரம் போயிரலாமா? அந்த ஸ்டேஷன் பேரு திரிசூலமாம். எனக்கு வந்து வாச்சதைப் பாருங்க.

நகருது. நகருது தம்பி. இல்ல, நின்னுருச்சு.

ஃபோன் அடிக்குது. அவதான். இருங்க.

என்ன?... பஸ்ல... செங்கல்பட்டு தாண்டி, டோல்கேட்கிட்ட... வாத்தியார் வீட்டம்மா சொன்னாளாக்கும்... ஆமா, தெரியும், செவ்வாய்க்கிழமைன்னு எனக்குத் தெரியாதா... குடிச்சேன். பால்தான். டீக்கடையில... சீனி இல்லாமத்தான்...

என்ன சொல்ற?

ம்.

ம்.

சரி. வச்சிரு. பத்திரம்.

வச்சுட்டா தம்பி. உள்ள போகப் போறாளாம், தங்கச்சியும் தங்கச்சி வீட்டுக்காரரும் வாசல் வரைக்கும் வந்திருக்காங்களாம்.

என்ன சொன்னாளா? முதல்ல பால் குடிச்சீங்களான்னு கேட்டா. குடிச்சேன்னதும் ஏர்போர்ட்ல ஏதோ அறிவிப்புச் சொல்ற சத்தம் மட்டும் கேக்குது. பெறகு சொல்றா, "செவ்வாய்க்கிழமைன்னா நீங்க வரமாட்டீங்கன்னுதாங்க இன்னைக்கு டிக்கெட் போட்டேன். வெளிச்சம் வர்ற வரைக்கும் ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." அப்படிங்கிறா. கோவமா இல்லை. கொழம்புக்கு உப்புப் போட்டேங்கிற மாதிரி சொல்றா. "நீங்க வந்து நின்னு வான்னு கூப்பிட்டா நான் வந்துருவேன். வந்துட்டேன்னா அப்புறம் எந்தக் கிழமையும் என்னால போக முடியாது. அதனால வந்தா கூப்பிடாதீங்க. கையை மட்டும் காட்டுங்க"ன்னா.

சனிக்கிழமைதான் அந்தச் சிவப்பு ரயிலாம். காலையில கிளம்புதாம். தயிர் சாப்பிட்டுட்டு ஏறுறேன்னு சொல்றா. சனி கிழக்குக்குத் தயிர்தான். சரியாத்தான் சொல்றா.

கண்ணுல ஒண்ணும் இல்ல தம்பி, தூசி. ஜன்னல் திறந்திருக்குல்ல.

எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா. சூரிய உதயம் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா.

வண்டி கிளம்பிருச்சு பாருங்க. டோல்கேட் தாண்டிட்டா வேகமாப் போவான்ல? வாசல்ல கண்ணாடி வழியா உள்ள தெரியுமா? கையைக் காட்டினா அவளுக்குத் தெரியற மாதிரி இருக்குமா?

தம்பி, ஒரு உதவி. இந்த ஃபோன்ல நாளைக்கு ரெண்டு டிக்கெட் இருக்குன்னு சொன்னேன்ல. அதுல ஒண்ணை மட்டும் கேன்சல் பண்ண முடியுமா? கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்துத் தெரிய மாட்டேங்குது. மேல இருக்குற பேரு. ஜெயக்கொடி. ஆமா, ஜன்னல் ஓரம். அதைத்தான்.